நேசபாயும் பல் கறுத்த பூதமும்

உங்கள் வீட்டுச் சன்னலை நீங்கள் கடைசியாகத் திறந்தது காற்று உள்ளே வருவதற்காகவா, அல்லது ரோட்டில் போகிறவன் உள்ளே கிடக்கும் சோபாவைப் பார்ப்பதற்காகவா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். கை வைத்ததுதான் வைத்தீர்கள், அப்படியே ஒரு நல்ல மூச்சும் இழுத்துப் பாருங்கள். இருமல் வந்தால் நேசபாயின் கதை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நேசபாய்க்கு ஐம்பத்தொரு வயது. ஆயுள் காப்பீட்டு முகவர். நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் அவளுக்குத் தெரியாத வீடு குறைவு. கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணாச்சி, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா இந்தப் பிள்ளைக என்ன செய்யும்?" என்று சிரித்த முகத்தோடு தொடங்குவாள். பாயசம் தீர்வதற்குள் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். மரணத்தைப் பற்றி இவ்வளவு இனிமையாகப் பேசக்கூடியவர்கள் பிரசங்கியார்களில்கூட இல்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அவளுக்கு இன்னொரு சொத்து உண்டு. குரல். சபைப் பாடகர் குழுவில் கல்யாணமான காலத்திலிருந்தே முன்வரிசை சோப்ரானோ, உச்சக்குரல். மின்சாரம் போய் மைக் அணைந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பெஞ்சுக்காரர்களுக்கு அந்த விஷயமே தெரியாது. கிறிஸ்துமஸ் ஆராதனையின் கடைசிப் பாட்டில் ஒரு நீண்ட அல்லேலூயா வரும். மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திவிட, நேசபாய் மட்டும் ஒரே மூச்சில் அதை மேலே கொண்டுபோய், கூரைக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, பத்திரமாகக் கீழே இறக்குவாள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் அதைக் கேட்பதற்கென்றே அன்றைக்குத் தாய்வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பாலிசி பிடித்தால் கமிஷன் கிடைக்கும், பாட்டில் உனக்கு என்ன கிடைக்கும் என்று யாரோ கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "அந்த ஒரு மூச்சு நேரம் நான் யாருக்கும் பெண்டாட்டியும் இல்ல, ஏஜெண்டும் இல்ல."

இந்த மூச்சுதான் பிறகு போயிற்று.

அவள் கணவர் குமாரதாஸ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். நல்ல மனிதர், ஒரே ஒரு பிடிவாதம். "ஊருக்குள்ள வீடு கட்டினா யாரு பாப்பா? அத்தன வருஷம் ஊரான் மொட்ட மாடியில வெந்தது எதுக்காக்கும்? வீடுன்னா ரோட்டடியில இருக்கணும், ஏட்டி."

அப்படித்தான் அவர்கள் சுசீந்திரம் பக்கம், புதிய நாலுவழிச்சாலையை ஒட்டி, 'பொன்வயல் வில்லாஸ்' குடியிருப்பில் முதல் வரிசை வீட்டை வாங்கினார்கள். நெல் விளைந்த நிலத்தை மண்ணடித்து மூடிவிட்டு, மூடிய இடத்தில் வயலின் பெயரை எழுதி ஆர்ச் கட்டியிருந்தார்கள். கொன்றவனே கல்லறை வாசகமும் எழுதிக்கொடுத்த மாதிரி. இதைக் கட்டி விற்ற புண்ணியவான் குடியிருப்பது நகரத்துக்குள், மாமரமும் பலாமரமும் சூழ்ந்த ஓர் அமைதியான சந்தில். சாலையோரத்துக் காற்றை அவர் விற்பார், சுவாசிக்க மாட்டார்.

சாலை மேற்கே இருந்தது. மேற்குப் பார்த்த வீடு ஆகுமா என்று சிலர் தயங்கினார்கள். கம்பெனி ஒரு வாஸ்து நிபுணரைக் கூட்டி வந்தது. மேற்கு என்றால் வெளிநாட்டு யோகம் என்றார் அவர். விற்க வேண்டிய மனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசைதான் உத்தமம் என்பது வாஸ்து சாஸ்திரத்தின் எழுதப்படாத முதல் விதி. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் தவறாத கிறிஸ்தவக் குடும்பங்களும் அவர் கயிறு பிடித்துக் காட்டிய இடத்தில்தான் சமையலறையை வைத்தன, ஆண்டவருக்குத் தெரியாமல். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதற்குச் சாஸ்திரம் வேண்டாம், கொடியில் ஒரு ஈரத்துணி போதும். ஆனி ஆடியில் இங்கே மேல்காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றுக்கு எதிரே, சாலையைப் பார்த்து, பெரிய பெரிய சன்னல்களோடு படுக்கையறைகளைக் கட்டினார்கள். பின்பக்கம், மிச்சமிருந்த வயலையும் கால்வாயையும் பார்த்தபடி, கக்கூசும் சாமான் அறையும்.

ஒரே ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. அனுமதி வாங்கிய வரைபடத்தில் சாலைக்கும் வீடுகளுக்கும் நடுவில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை இருந்தது. அதைக் காட்டியாக வேண்டுமே என்பதற்காகக் கம்பெனி அங்கே பூவரசும் புன்னையும் நெருக்கி நட்டுவைத்தது. அது வெறும் கண்துடைப்பு என்ற விவரம் மரங்களுக்குத் தெரியாது. அவை நிஜமாகவே வளர்ந்தன. மூன்று மழைக்காலத்தில் மாடிச் சன்னல் உயரத்துக்கு வந்து, தரையிலிருந்து உச்சிவரை இலையாக நின்றன.

வீடுகள் சாலையிலிருந்து மறைந்துபோயின. இந்த மாவட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. குடியிருப்போர் சங்கம் கூடியது. தலைவர் இஸ்ரவேல், தேங்காய்ப்பட்டணத்தில் மீன் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசி எல்லோரையும் கரைத்தது யார் தெரியுமா? நேசபாய்தான். 'நேசபாய், ஆயுள் காப்பீடு' என்ற அவளுடைய புதுப் போர்டை ஒரு பூவரச மரம் முழுசாக விழுங்கியிருந்தது.

"ரோட்டுல போறவனுக்குத் தெரியாத வீடு, பெட்டிக்குள்ள பூட்டி வச்ச பட்டுச்சேல மாதிரி," என்றாள் நேசபாய். "நாளைக்குப் பெண்ணு கேட்டு வாறவன் முதல்ல வீட்டத்தான் பாப்பான். காட்டுக்குள்ள குடியிருக்குத கூட்டம்னு நெனச்சு நேர வண்டிய விட்டுட்டுப் போயிருவான்."

கைதட்டினார்கள். பக்கத்து வீட்டுத் தாணம்மாள் மட்டும் முணுமுணுத்தாள். மரத்தின் மேல் இருந்த பாசத்தால் அல்ல. "கொழுக்கட்டை பொதிஞ்சு அவிக்க எல எங்க போய்ப் பறிக்க?" என்பதுதான் அவள் கவலை. மறுவாரம் மரங்கள் விழுந்தன. ஏத்தங்காய் பஜ்ஜியும் சாயாவும் கொடுத்துக் கொண்டாடினார்கள். அன்று சாயங்காலமே குமாரதாஸ் சாலையின் மறுபக்கம் போய் நின்று தன் வீட்டைப் பார்த்தார். கண் நிறைந்தது. "கப்பல் மாதிரி நிக்குது," என்றார்.

கப்பலுக்கு முன்னால் கடல் வேண்டுமே. வந்தது, லாரிக் கடல். மலையை உடைத்துக் கேரளத்துக்குப் பாறையும் ஜல்லியும் கொண்டுபோகும் டாரஸ் லாரிகள், ஒன்றன் வாலை ஒன்று கடித்துக்கொண்டு இரவும் பகலும் போயின. சாப்பாட்டு மேசையைத் துடைத்தால் துணி கறுத்தது. பால்கனிக் கொடியில் காயப்போட்ட பாடகர் குழுவின் வெள்ளைச் சேலை பழுப்பாக இறங்கியது. நேசபாய் சோப்பை மாற்றினாள். பிறகு அதையும் மாற்றினாள். பிறகு இருமத் தொடங்கினாள்.

கிறிஸ்துமஸ் ஒத்திகையில் அது தெரிந்துவிட்டது. அல்லேலூயாவைத் தூக்கிக்கொண்டு மேலே போன நேசபாய், பாதி வழியில் நின்றாள். மூச்சு இல்லை. கூரைக்கும் தரைக்கும் நடுவில் அல்லேலூயா அந்தரத்தில் தொங்கியது. கீபோர்டு வாசிக்கும் ஜாஸ்பர் விரல்களைக் கட்டைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மறுபடியும் முயன்றாள். மறுபடியும் அதே இடம். ஒத்திகை முடிந்ததும் ஜாஸ்பர் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, ஒரு காரியம் சொன்னா கோவப்படப்பிடாது."

"கோவப்படுவேன். சொல்லு."

"இந்த வருஷம் நீங்க ஆல்ட்டோவுல, கீழ்க்குரல் வரிசையில நில்லுங்க. அல்லேலூயாவ நான் கீபோர்டுல போட்டுக்கிடுதேன்."

"கீபோர்டு ஞானஸ்நானம் எடுத்தாச்சா, மக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். செருப்பு மாட்டக் குனிந்தவள் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"கண்ணு பட்டுப் போச்சு," என்றார் குமாரதாஸ். வீடு அத்தனை பேர் பார்வையில் நிற்கிறதே. சபையில் நான்கு பேர் அதையே சொன்னார்கள். தாணம்மாள் சொன்னதைக் கேட்கவே வேண்டாம், அவள் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். மனுஷன் நிலாவுக்கு வண்டி அனுப்பிவிட்டான், ஆனால் ரோட்டில் பைக்கில் போகிறவனின் பார்வை முப்பது அடி தூரம் பறந்து வந்து ஒருத்தியின் தொண்டைக்குள் இறங்கும் என்று பட்டதாரிகள் நம்புகிறார்கள். அதே முப்பது அடி தூரத்தைப் புகை கடந்து வரும் என்றால் மட்டும் ஆதாரம் கேட்பார்கள்.

நேசபாய் கோட்டாற்றில் ஒரு மருத்துவரிடம் போனாள். வயதான அம்மா, சுருக்கமாகப் பேசுகிறவர். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், ஊதச் சொல்லிப் பார்த்தார், பிறகு சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"வீடு ரோட்டப் பாத்தா?"

"முதல் வரிசையாக்கும்," என்றாள் நேசபாய், இருமலுக்கு நடுவிலும் பெருமையாக.

"படுக்கது எங்க?"

"மாடியில, முன்னால. சன்னலத் தெறந்தா ரோடு அப்படியே தெரியும்."

"உனக்கு ரோடு தெரியுது. ரோட்டுக்கு உன் நுரையீரல் தெரியுது," என்றார் மருத்துவர். டீசல் புகையில் கண்ணுக்குத் தெரியாத கரித்தூள் இருக்கிறது, மூக்கில் சிக்காமல் நேரே உள்ளே இறங்கும், சாலைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு கெடுதல் என்று விளக்கினார். "மருந்து தாறேன். ஆனா மருந்து வாசல்ல நின்னு லாரிய மறிக்காது. படுக்கையப் பின்பக்கம் மாத்து. லாரி அதிகமாப் போற நேரம் முன்பக்கச் சன்னல மூடு, பின்பக்கத்தத் திற. நடுவுல மரம் ஒண்ணும் இல்லையா? தரையில இருந்து எல அடர்த்தியா நின்னா கொஞ்சமாவது தடுக்குமே."



"இருந்திச்சு டாக்டர்."

"என்ன ஆச்சு?"

"ஒரு கிறுக்கச்சி பேச்சக் கேட்டு வெட்டிட்டாவ."

அன்று சாயங்காலமே இஸ்ரவேலின் வீட்டுக்குப் போனாள். அவர் முன்பக்கச் சாய்வு நாற்காலியில், லாரிகளைப் பார்த்தபடி, மிக்சர் தின்றுகொண்டிருந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு மிக்சரில் இருந்த கடலையை மட்டும் பொறுக்கி வாயில் போட்டார்.

"முப்பது வருஷம் மீன் நாத்தத்துல நின்னவன் நான். எனக்க மூக்குக்கு வராத கேடு உனக்க தொண்டைக்கு வந்திட்டா? நீதான வெட்டச் சொன்ன. பட்டுச்சேல கதையெல்லாம் சொன்னியே."

"அது என் புத்திகெட்ட நேரம், அண்ணாச்சி."

"சங்கத்துக்குப் புத்திகெட்ட நேரம் கெடையாது. போட்ட தீர்மானம் போட்டதுதான்."

வீடு வீடாகப் போய்ப் புகையைப் பற்றிச் சொன்னாள். கேட்டார்கள், சாயா கொடுத்தார்கள், கதவைச் சாத்தினார்கள். இருமல் இல்லாத வீடு இல்லை. ஆனால் எல்லா வீட்டிலும் இருமலுக்கு வேறு காரணம் இருந்தது: பனி, தயிர், ஏசி, மருமகள்.

தாணம்மாள்தான் வழி சொன்னாள். "எக்கா, நீங்க இப்படிப் புக, தூள்னு சொன்னா ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான். கண்ணுன்னு சொல்லிப் பாருங்க. ரோட்டுல போறவன் கண்ணு மொத்தமும் நம்ம வீட்டு மேல விழுது, மறைவுக்கு மரம் வேணும்னு சொல்லுங்க. நாளைக்கே குழி வெட்டுவான்."

நேசபாய் யோசித்தாள். நல்லதுக்குத்தானே. எதற்குப் பயந்து பாலிசி போட்டால் என்ன, போட்டால் சரி. அப்படிப் பழகிய மனசு. மறுநாள் முதல் அதே வீடுகளில் அதே சாயாவைக் குடித்துக்கொண்டு வேறு கதை சொன்னாள். இஸ்ரவேலின் கார் உரசியது ஏன்? தாணம்மாளின் கொழுந்தனுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்தது ஏன்? தண்ணீர் மோட்டார் எரிந்தது ஏன்? ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. கூடுதலாக ஆளுக்கு இரண்டு உதாரணம் அவர்களே எடுத்துக்கொடுத்தார்கள்.

அவசரக் கூட்டம் நடந்தது. கண்ணேறு உண்டு என்பதை எல்லோரும் ஒரே மனதாக ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தில் ஒரே மனதாக நடந்த முதல் காரியம் அது. நேசபாய் எழுந்து, "ஆகையினால மரம்," என்று தொடங்கினாள்.

"மரம் எதுக்கு?" என்றார் இஸ்ரவேல். "அது வளர மூணு வருஷம் ஆவும். கண்ணுக்குன்னா பூதம் போதுமே."

பொய்யை ஏவிவிடுவது சுலபம். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. கோட்டாற்றுக் கடையில் ஒரு திருஷ்டி பூதம் வாங்கப்பட்டது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சங்கடம் இருந்தது. அதையும் இஸ்ரவேல் தீர்த்துவைத்தார். "ஆர்ச்சுல தொங்கினா அது சங்கத்துக்க பூதம். நமக்க பூதம் இல்ல." அப்படி, ஆர்ச்சின் உச்சியில் கார் அளவுக்கு ஒரு பூதமுகம் ஏறியது. பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, வரிசையாக வெள்ளை வெளேர் என்று பல். சுற்றிலும் சீரியல் லைட். அதே நாளில் அதே கடையில் ஒரு குட்டிப் பூதமும் வாங்கித் தாணம்மாள் தன் பின்வாசலில், வயலைப் பார்த்து மாட்டினாள். கண்ணு பின்வாசல் வழியாகவும் வரலாம் என்பது அவள் கட்சி.

பூதம் வேலை செய்தது. லாரிக்காரர்களை நிறுத்தியது.

அந்த நீண்ட சாலையில் அடையாளம் சொல்ல ஒன்றுமில்லாதிருந்த இடத்தில் சட்டென்று ஒரு பூதம். டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டிச் செல்ஃபி எடுத்தார்கள். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளில் ஒரு சாயாக்கடை வந்தது. பிறகு பஞ்சர் கடை. பேருந்துக் கண்டக்டர்கள், "பூதம் எறங்கு, பூதம் எறங்கு," என்று கூவத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் ஓடிக்கொண்டே புகைவிட்ட லாரிகள் இப்போது வரிசையாக நின்று, நிதானமாக, வில்லாக்களின் முகத்துக்கு நேரே புகைவிட்டன.

ஆர்ச்சுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் காவலாளி ராஜையன். அறுபது தாண்டியவர், பகல் முழுக்க அங்கேதான். புகையைப் பற்றி வீடு வீடாகப் பேசிய நேசபாய்கூட அவரிடம் மட்டும் பேசியிருக்கவில்லை. ஒரு நாள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோதுதான் அந்த இருமலைக் கேட்டாள். தன்னுடைய இருமல் அதன் முன்னால் கத்துக்குட்டி.

"எத்தன நாளா அண்ணே இப்படி?"

"மரம் போனதுல இருந்து இருக்கு பிள்ளே. பூதம் வந்த பொறவு கூடிப்போச்சு."

"யாருட்டயும் சொல்லலியா?"

"சொன்னா, ஒடம்பு முடியாத ஆளு காவலுக்கு எதுக்குன்னு வேற ஆளப் போடுவாவ," என்றார் ராஜையன்.

அன்று ராத்திரி நேசபாய் கணவரிடம் நடந்ததை எல்லாம் ஒப்புவித்தாள். "கண்ணேறு நான் விட்ட கத. அடுத்த கூட்டத்துல சொல்லப் போறேன்."

குமாரதாஸ் எழுந்து போய் முன்பக்கச் சன்னலைச் சாத்தினார். "அசிங்கமாப் போவுமேட்டி," என்றார். பிறகு, "நானும் வாறேன்," என்றார்.

அடுத்த கூட்டம் ஒரு ஞாயிறு சாயங்காலம், ஆர்ச்சுக்குக் கீழேயே நாற்காலி போட்டு நடந்தது. ஊரெல்லாம் இருமல் கூடிவிட்டது, ஆகவே கண்ணேறு கூடிவிட்டது, ஆகவே கண்ணை உருட்டும் இன்னொரு பூதம் வேண்டும் என்பது இஸ்ரவேலின் யோசனை. நேசபாய் எழுந்தாள்.

"பூதம் வேண்டாம். கண்ணேறும் கெடையாது. அது நான் சொன்ன பொய். மரத்த வெட்டச் சொன்னதும் நான்தான், அது அதவிடப் பெரிய தப்பு."



"நீ பொய்யாச் சொல்லியிருந்தாலும் அது உண்மையாக்கும்," என்றார் இஸ்ரவேல்.

"பின்ன என் கொழுந்தனுக்க கல்யாணம் மொடங்கினது எப்படி?" என்றாள் தாணம்மாள்.

"அவன் மூணு மாசத்துக்கு ஒரு வேல மாறுதான். பெண்ணு வீட்டுக்காரன் ஆள மாத்திட்டான்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் சிரித்தவர்கள் மாறிவிடவில்லை. அவர்கள் முகங்களை நேசபாய் பார்த்தாள். பொய்யை வாங்கிக்கொண்ட அதே முகங்கள், உண்மையை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தன. மேற்கொண்டு பேச ஆரம்பித்தவளுக்கு மூச்சு முட்டியது. மூச்சுக்காக முகத்தை மேலே தூக்கியபோதுதான் அதைக் கண்டாள்.

"அண்ணாச்சி, இந்தப் பூதத்தத் தொங்கவிட்ட அன்னைக்கு இதுக்க பல்லு என்ன நெறம்?"

"வெள்ள."

"இப்போ?"

எல்லோரும் அண்ணாந்தார்கள். பல் கறுத்திருந்தது, ஆயுள் முழுக்க வெற்றிலை போட்ட வாய் மாதிரி.

"பூதத்துக்கு எதுக்கு வெள்ளப் பல்லு," என்றார் இஸ்ரவேல். குரலில் பழைய உறுதி இல்லை.

நேசபாய் குமாரதாஸைப் பார்த்தாள். அவருக்கு விளங்கிவிட்டது. மெக்கானிக் அல்லவா, நின்றுபோன மெஷினையும் ஓடுகிற மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம். தாணம்மாளின் பின்வாசலுக்குப் போய்க் குட்டிப் பூதத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். அதே கடை, அதே நாள், அதே பெயிண்ட். குட்டியின் பல் பச்சரிசி போல இருந்தது. பிறகு ஏணி வைத்து ஏறி, இஸ்ரவேலின் தோளிலிருந்து வாங்கிய வெள்ளைத் துண்டால் பெரிய பூதத்தின் முன்பல் ஒன்றைத் துடைத்துவிட்டு இறங்கினார். பல் வெளுத்தது. துண்டு கறுத்தது.

துண்டை வாங்கி நேசபாய் இஸ்ரவேலின் மடியில் விரித்தாள். "ரோட்டப் பாத்த பூதம் அது, வயலப் பாத்த பூதம் இது. கண்ணு பட்டுன்னா பல்லு ரெண்டுக்கும்லா கறுக்கணும். பூதம் மூச்சு விடாது. மூச்சு விடாததுக்கே இந்தக் கதி. இதுக்குக் கீழ ராஜையண்ணன் பகல் முழுக்க மூச்சு விட்டுட்டு இருக்காவ. கண்ணுக்குத் தெரியுத கரி இது. தெரியாதது இதவிட மோசம்னு டாக்டர் சொல்லுதாவ."

ராஜையன் இருமினார். அது போதுமாக இருந்தது.

இஸ்ரவேல் துண்டை மடித்தார், விரித்தார், முகர்ந்து பார்த்தார். மீன் வியாபாரிக்கு மூக்கை நம்பித்தான் பழக்கம். "டீசலு," என்றார் மெதுவாக. பிறகு, "மொதல்ல அந்த நாற்காலியப் பின்னால தூக்கிப் போடுங்கலே. எவனாவது ராஜையன வேலைய விட்டு எடுக்கணும்னு சொன்னா நான் தலைவரா இருக்க மாட்டேன்," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுபம் என்று எழுதினால் அது இன்னொரு பூதம். எந்த மரம் நடுவது என்று மூன்று கூட்டம் சண்டை நடந்தது. மாடி மட்டுமாவது ரோட்டுக்குத் தெரிகிற மாதிரி குட்டை மரமாக நடலாம் என்று ஒரு கட்சி. பூவரசு என்றால் கொழுக்கட்டைக்கு ஆயிற்று என்று தாணம்மாள் கட்சி. கடைசியில் தாணம்மாள் வென்றாள், காரணம் எதுவானாலும். இடைவெளி இல்லாமல் இரண்டு வரிசை நட்டார்கள். பூதம் இறங்கியது. கண்டக்டர்கள் இன்னும் "பூதம் எறங்கு" என்றுதான் கூவுகிறார்கள். குமாரதாஸ் படுக்கையறையைப் பின்பக்கச் சாமான் அறைக்கு மாற்றினார். அதன் சன்னலைத் திறந்தால் வயலும் கால்வாயும் கொக்கும் மட்டும்தான் தெரியும். யாருக்கும் காட்ட முடியாத காட்சி என்று வருத்தப்பட்டார். இப்போது அந்தச் சன்னலை விட்டு எழுந்திருப்பதில்லை.

நேசபாய் சாயாக்கடைக்குப் போய் டிரைவர்களோடு உட்கார்ந்தாள். "மக்கா, எஞ்சின ஆஃப் பண்ணிட்டுக் குடி. எனக்க நெஞ்சு அந்தால இருக்கு, உனக்கது எஞ்சினுக்குப் பக்கத்துலல்லா இருக்கு." பாதிப்பேர் கேட்டார்கள். உண்மையில் அவர்களைவிட அதிகம் புகை குடிப்பவர்கள் யார்? மலையைத் தின்கிறவன் குளிரூட்டிய அறையில் இருக்கிறான். இங்கே லாரி நிற்கக் கூடாது என்று பலகை வைக்கச் சொல்லியும், சாலையோரம் குடியிருப்புக்கு அனுமதி கொடுக்கும்போது பச்சைப் பட்டையை யாராவது நேரில் வந்து பார்க்கச் சொல்லியும் அலுவலகங்களில் மனு கொடுத்தாள். கோப்பு நகர்கிறது என்றார்கள். லாரி அதைவிட வேகமாக நகர்கிறது.

அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்கும் அவள் ஆல்ட்டோ வரிசையில்தான் நின்றாள். கடைசிப் பாட்டு வந்தது. ஜாஸ்பர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். பின்பக்க அறையில் படுத்துத் தேற்றிய மூச்சை எல்லாம் சேர்த்து நேசபாய் அல்லேலூயாவைத் தூக்கினாள். போன வருஷ ஒத்திகையில் நின்ற இடத்தைத் தாண்டினாள். கூரை வரைக்கும் போனாள். சுற்றிவர முடியவில்லை. மூச்சு தீர்ந்த இடத்தில் ஜாஸ்பர் கீபோர்டில் அதை வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் கீழே இறக்கினான். புது மெட்டு நன்றாக இருக்கிறதே என்று வெளியூர்ப் பெண்கள் சொன்னார்கள்.

பூவரசு இப்போது இடுப்பளவு நிற்கிறது. முழு அல்லேலூயா எப்போது வரும் என்று அவளுக்கும் தெரியாது. வெட்ட ஒரு சாயங்காலம் போதும், வளர இன்னும் இரண்டு மழைக்காலம் வேண்டும்.

உங்களுக்கு அந்த நிலை வர வேண்டாம். சாலையோர மனைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், லாரி போகிற நேரம் பார்த்து அந்த மண்ணில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். வரைபடத்தை வாங்கி, பச்சைப் பட்டை எங்கே என்று விரல் வைத்துக் கேளுங்கள். ஏற்கெனவே குடியேறிவிட்டீர்கள் என்றால், பிள்ளைகளின் கட்டிலை இன்றைக்கே பின்பக்கத்துக்கு நகர்த்துங்கள். பிறகு அடுத்த சங்கக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, யார் சிரித்தாலும் உட்காராமல், நடுவில் நிற்க வேண்டிய மரங்கள் எங்கே என்று கேளுங்கள்.